பேசி முடிக்க விடுங்களேன்

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து, "அதெல்லாம் ஒன்றுமில்லை, நான் சொல்கிறேன் கேளுங்கள்" என்று ஆரம்பிப்பவர்களை என்னால் தாங்கவே முடியவில்லை. நேற்று நண்பர் ஒருவர் தன் அம்மாவின் மறதி நோயைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் மூளைக்கு எது நல்லது என்று பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். அவர் மருத்துவரும் இல்லை, யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. நண்பர் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு அடங்கிப்போனார். சொல்ல வந்ததை இனி எப்போது சொல்வாரோ?

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மனிதர்கள் விடும் இடைவெளி, 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வின்படி, சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அப்படியென்றால் எதிரில் இருப்பவர் பேசும்போதே நாம் பதிலைத் தயார் செய்கிறோம். இது எல்லோருக்கும் உள்ள இயல்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தயாரானதை உடனே கொட்டியே தீர வேண்டுமா? கொஞ்ச நேரம் நாக்கை அடக்கினால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு கோபமும் உண்டு. விஷயம் நிஜமாகவே தெரிந்த ஒருவர், செவிலியர், அங்கேயே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அதை அடக்கம் என்று நான் ஏற்க மாட்டேன். அப்புறம் வெளியே வந்து, "அவர் சொன்னது பாதி தப்பு" என்கிறார் என்னிடம். அதை நண்பரிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்!