நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

மைப்பேனா வாங்கியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதற்கு எந்த இங்க் நல்லது?" கேட்ட மாத்திரத்தில் ஆளுக்கொரு நிறத்தைப் பரிந்துரைக்கிறார்கள், மயில் கழுத்து நீலம், காய்ந்த இரத்தச் சிவப்பு, பாசிப் பச்சை என்று படங்கள் வந்து குவிகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு எழுதவும் குறிப்பெடுக்கவும் கடிதம் எழுதவும் நாள் முழுவதும் ஒரு பேனாவைப் பயன்படுத்துகிறவருக்கு, நிறம் கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்பது என் கருத்து. அந்தப் பேனா எவ்வளவு மையை இறக்குகிறது, எந்தத் தாளில் எழுதப் போகிறோம், எழுதியது எத்தனை காலம் நிற்க வேண்டும் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, அவற்றுக்குப் பொருந்தி வரும் மைகளுக்குள் பிடித்த நிறத்தைத் தேடுவதே சரியான வரிசை.

மை பேனாவிலிருந்து தாளுக்கு வருவது புவியீர்ப்பால் மட்டும் நடப்பதன்று. நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் மயிரிழை அளவுக்கு ஒரு தடம் வெட்டப்பட்டிருக்கிறது; அந்தத் தடத்தின் வழியாகவும் நிப்பின் நடுப் பிளவின் வழியாகவும் நுண்துளை ஈர்ப்பால் மை இறங்க, இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே ஏறுகிறது. இந்தப் போக்குவரத்து எவ்வளவு தாராளமாக நடக்கும் என்பது பேனாவின் அமைப்பைப் பொறுத்தது போலவே மையின் பரப்பு இழுவிசையையும் பொறுத்தது. இழுவிசை குறைந்த மை எளிதில் வழிந்து தாளில் பரவும். கூடிய மை தயங்கித் தயங்கி இறங்கும். ஆகவே தாராளமாக இறக்கும் பேனாவுக்குச் சிக்கனமான மையும், இழுத்து எழுதும் பேனாவுக்குத் தாராளமான மையும் என்று மாற்றிச் சேர்ப்பதுதான் ஜோடி சேர்ப்பதில் பாதி வேலை.

தெரிந்த உதாரணங்களையே சொல்கிறேன். ஜெர்மானியப் பெலிக்கான் 4001 வரிசை மைகள் சிக்கனத்துக்குப் பேர் போனவை. ஜப்பானியப் பைலட் நிறுவனத்தின் இரோஷிசுகு வரிசை மைகள் தாராளத்துக்குப் பேர் போனவை. நிப் சற்று இறுக்கமாக அமைந்து, கோட்டின் தொடக்கத்திலேயே தடுமாறும் ஒரு பேனாவில் 4001 ராயல் புளூவை ஊற்றிவிட்டு "பேனா சரியில்லை" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதே பேனாவைக் கழுவி இரோஷிசுகு கோன்பெக்கியை ஊற்றினால், நிப்பில் கை வைக்காமலே அது வழுக்கிக்கொண்டு எழுதும். இதற்கு நேர்மாறாக, எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் செய்த நாக்கும் அகன்ற நிப்பும் வைத்த நம் ஊர்க் கைவினைப் பேனாக்களில் அந்தத் தாராளமான மையை ஊற்றினால், ஒவ்வொரு எழுத்தும் குளம் கட்டி நிற்கும். அங்கேதான் 4001 தன் மதிப்பைக் காட்டும். நிப்பைத் திருத்துகிறேன் என்று பிளவைப் பிளேடால் நெம்புவதற்கு முன்னால் மையை மாற்றிப் பாருங்கள். நெம்பிய நிப்பைப் பழையபடி கூட்டுவது எல்லார் கைக்கும் வராது.

இனி, மேல்நாட்டு மதிப்புரைகள் ஒருபோதும் சொல்லாத, நமக்கு மட்டுமே உரிய ஒரு சங்கதிக்கு வருகிறேன். அவர்கள் மையைச் சோதிப்பது ஆங்கில வாக்கியங்களை எழுதி. தமிழ் எழுத்தின் உடம்பு வேறு. மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் தாராளமான மையில், அகன்ற நிப்பில், மலிவான நோட்டில் எழுதிப் பாருங்கள்: சுழிகளின் கண்கள் அடைபட்டு, இரண்டும் ஒரே கறுத்த முடிச்சாகிவிடும், அப்புறம் மணமா மனமா என்பதை வாசிக்கிறவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். இகரத்தின் சுருளுக்கும் ஐகாரத்தின் மடிப்புக்கும் றை என்ற எழுத்தின் கொம்புக்கும் இதே கதிதான். இதை விடவும் கொடுமை புள்ளி. கோடு இழுக்கும்போது நிப் நகர்ந்துகொண்டே இருப்பதால் மை பரந்து இறங்குகிறது. புள்ளி வைக்கும்போதோ நிப் ஒரே இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. அந்த ஒரு கணத்தில் தாராளமான மை ஒரு துளியாகவே இறங்கி, தாளில் ஊறி, க் என்ற எழுத்தின் மேல் கோட்டைத் தொட்டுவிடும். எழுதிய வரியை உடனே விரலால் தேய்த்துப் பார்த்தால், கோடுகள் காய்ந்திருக்கப் புள்ளிகள் மட்டும் வால் முளைத்து இழுபடுவதைக் காணலாம்.

எனவே தமிழில் நிறைய எழுதுகிறவருக்கு நான் சொல்லும் முதல் யோசனை மெல்லிய நிப். ஜப்பானிய நிறுவனங்கள் மீடியம் என்று குறிக்கும் நிப், ஐரோப்பிய நிறுவனங்களின் ஃபைன் அளவுக்குத்தான் வரும். அதனால் நிப்பின் மேல் பொறித்த எழுத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. மெல்லிய நிப்பில் சற்றுத் தாராளமான மை, நடுத்தர நிப்பில் சிக்கனமான மை என்று வைத்துக்கொண்டால் சுழிகள் திறந்தே இருக்கும். புதிய மை ஒன்றைச் சோதிக்க வேண்டுமானால் "கண்ணன் எண்ணெய் விற்றான்" என்று எழுதிப் பாருங்கள். சுழி, புள்ளி, கொம்பு எல்லாம் அந்த ஒரே வரியில் அகப்பட்டுக்கொள்ளும். நிறம் அழகா என்பதை அதற்கு அப்புறம் பேசலாம்.

தாளைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை, கூடினால் மை ஊறாது என்று கடைக்காரர்களும் சொல்கிறார்கள், நாமும் நம்புகிறோம். தாளின் எடைக்கும் மை ஊறுவதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. தாள் செய்யும்போது நார்களுக்கு ஏற்றும் பசைதான் மை ஊறுவதைத் தடுக்கிறது. ஜப்பானின் டோமோஎ ரிவர் தாள் 52 ஜி.எஸ்.எம். தான், தொட்டால் சிகரெட் தாள் போல இருக்கும் அதில் எவ்வளவு தாராளமான மையும் விளிம்பு பிசிறாமல் நிற்கிறது. அலுவலகங்களில் புழங்கும் 75, 80 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாள்களோ, இயந்திரத்தின் உலர்ந்த பொடிக்காகச் செய்யப்பட்டவை என்பதால், அதே மையை உறிஞ்சிப் பூரான் கால் விட வைக்கின்றன. கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையைக் கொண்டு தாள் செய்யும் டி.என்.பி.எல். நிறுவனத்தின் தாள்களில் எழுதும் அனுபவம், என்னைப் பொறுத்தவரை, மற்ற ஜெராக்ஸ் தாள்களை விட மேல். ஆனாலும் அதில் கூடச் சிக்கனமான மைதான் சுத்தமாக எழுதும். அலுவலகத்தில் கொடுக்கிற தாளில் எழுத வேண்டியவருக்குத் தாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அவர் மையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகையால் "தினசரி மை" என்பதை நான் மோசமான தாளில் சோதித்தே முடிவு செய்கிறேன். நல்ல தாளில் எல்லா மையும் நல்ல மைதான்.

மூன்றாவது, நிலைப்பு. ராயல் புளூ என்று விற்கப்படும் மைகளில் பெரும்பாலானவை துவைத்தால் போகும்படி செய்யப்பட்டவை; பள்ளிப் பிள்ளைகளின் சட்டைக்கு அது வரம், ஆவணத்துக்கு அது ஆபத்து. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது எங்கள் வீட்டுக் கீழ் அலமாரியில் இருந்த குறிப்பேடுகள் நனைந்தன. அவற்றை விசிறிக்கு அடியில் ஒவ்வோர் ஏடாகப் பிரித்துக் காய வைத்தபோது, ராயல் புளூவில் எழுதிய பக்கங்களில் வெளிர்நீலக் கறையைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அதே ஏட்டில் இரும்பு கலந்த புளூ பிளாக்கில் எழுதிய பக்கங்களில் நீலம் மட்டும் கரைந்துபோய், சாம்பல் கறுப்பில் ஒவ்வொரு எழுத்தும் அப்படியே இருந்தது.

அந்த மையின் வேலை ரசமானது. இரும்பு உப்பும் துவர்ப்புப் பொருளான டானினும் கலந்த கரைசல் புட்டியில் இருக்கும்போது ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்கும்; எழுதும்போது கண்ணுக்குத் தெரிவதற்காகவே அதில் நீலச் சாயம் சேர்க்கிறார்கள். தாளில் இறங்கிக் காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, கரையாத கறுப்பாக நாருக்குள் படிந்துவிடுகிறது. காலையில் நீலமாக எழுதியது மறுநாள் கறுத்திருப்பது இதனால்தான். ஐரோப்பாவில் ஓக் மரத்து மாசிக்காயிலிருந்து எடுத்த துவர்ப்பைத்தான் நூற்றாண்டுகளாக இதற்குப் பயன்படுத்தினார்கள். பிரித்தானியப் பதிவாளர் அலுவலகங்களின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளுக்கு உரிய மையாக இருந்ததும் இந்த வகைதான். நமக்கும் இது புதிதில்லை. காளஹஸ்தியிலும் தஞ்சைப் பக்கத்துக் கருப்பூரிலும் கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு இழுப்பவர்கள், கடுக்காயில் ஊறிய துணியின் மேல் இரும்புக் கரைசலைத் தீட்டித்தான் அந்தக் கறுப்பை எடுக்கிறார்கள். அதே துவர்ப்பும் இரும்பும்தான் பேனாவுக்குள்ளும் இருக்கின்றன.

இன்று கிடைப்பவற்றில் ஜப்பானின் பிளாட்டினம் புளூ பிளாக் இவ்வகையைச் சேர்ந்தது. இரும்பின் அளவு குறைத்துச் செய்யப்படுவதால் இக்காலத்து மைகள் பேனாவை அரித்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அமிலத்தன்மை உண்டு. எனவே ஸ்டீல் நிப் வைத்த பேனாவில் மாதக்கணக்கில் காயப் போட்டுவிட்டு, அப்புறம் நிப் கறுத்துவிட்டது என்று குறைப்படுவது நியாயமில்லை. அதற்குரிய ஜோடி, மூடி இறுக்கமாக மூடும், அன்றாடம் கையில் எடுக்கப்படும் ஒரு மெல்லிய நிப் பேனா. பிளாட்டினம் நிறுவனத்தின் மலிவுப் பேனாவான பிரெப்பிக்கே மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உறை ஒன்று இருக்கிறது. நம் ஊர் வெயிலில் மற்றப் பேனாக்கள் வறண்டுபோகும் காலத்திலும் அது ஈரம் காக்கிறது. மையும் சிக்கனமானது, நிப்பும் மெல்லியது. மோசமான தாளிலும் சுழி அடைபடாது. விலைக்கு இதை விடச் சிறந்த ஜோடியை நான் இதுவரை எழுதிப் பார்த்ததில்லை.

உள்நாட்டு மைகளை இளக்காரமாகப் பேசுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. பிரில், கேமல் புட்டிகளைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறார்கள். நிற அடர்த்தி குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த வெளிறிய தன்மையே பேனாவுக்கு நல்லது: சாயம் குறைந்த மை நாக்கில் படிவதும் குறைவு, கழுவினால் ஓரிரு தண்ணீரில் போய்விடும். கொல்கத்தாவின் சுலேகா சுதேசி இயக்கக் காலத்தில் பிறந்து, இடையில் முடங்கி, மறுபடி எழுந்து வந்திருக்கிறது. கேரளத்தின் கிருஷ்ணா மைகள் வெளிநாட்டிலும் விலை போகின்றன. புதிதாக மைப்பேனாவுக்கு வருகிறவர் முதல் புட்டியாக ஒரு பிரில் ராயல் புளூவை வாங்கித் தன் பேனாவின் குணத்தை அறிந்துகொள்வதே புத்திசாலித்தனம். பளபளக்கும் துகள் கலந்த மைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை வாழ்த்து அட்டைக்கு உரியவை. துகள் அடியில் தங்கும், நாக்கின் தடத்தை அடைக்கும். காலையில் அவசரமாகக் கையெழுத்திட வேண்டியவர் பேனாவைக் குலுக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். ஓவியர்கள் பயன்படுத்தும், அரக்குக் கலந்த இந்தியன் இங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் மைப்பேனாவில் ஊற்றாதீர்கள். அது உள்ளேயே இறுகிவிடும்.

திருவள்ளூர் ரங்கா போன்ற எபோனைட் பேனாக்களைச் சொட்டு ஊற்றி நிரப்பிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தண்டு முழுவதும் மை நிற்பதால் ஒருமுறை நிரப்பினால் பல நாள் ஓடும். ஆனால் மை குறையக் குறைய உள்ளே காற்று சேர்கிறது, கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளி, எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டை விழச் செய்கிறது. எபோனைட் சூட்டை எளிதில் கடத்தாது என்றாலும் இந்தத் தொல்லை இல்லாமல் இல்லை. கால் பங்குக்குக் கீழே மை இறங்கும் முன்னரே மறுபடி நிரப்புவது ஒரு வழி. சிக்கனமான மையாகத் தேர்ந்தெடுப்பது அதற்குத் துணை. இந்தப் பேனாக்களில் இரும்பு மையைத் தவிர்த்து, கழுவ எளிதான சாய மைகளையே நான் பயன்படுத்துகிறேன், ஏனென்றால் தண்டு முழுவதும் அமிலத்தை நிரப்பி வாரக்கணக்கில் வைத்திருக்க எனக்கு மனம் வருவதில்லை.

மையை மாற்றும்போது இடையில் கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது. அமிலத்தன்மை உள்ள மையின் மிச்சத்தோடு காரத்தன்மை உள்ள மை சேர்ந்தால் சாயம் திரிந்து சேறாகப் படியலாம். அந்தச் சேறு நாக்கின் தடத்துக்குள் போய்விட்டால் நிப்பைக் கழற்றாமல் எடுக்க முடியாது. சாதாரணத் தண்ணீர் போதும். வெந்நீர் எபோனைட்டின் கறுப்பைப் பழுப்பாக்கிவிடும், ஸ்பிரிட்டு பல பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழச் செய்யும். கழுவிய நிப்பை மை ஒற்றும் தாளின் மேல் நிறுத்தி வைத்து, ஒற்றும் தாளில் நிறம் ஏறுவது நின்ற பிறகு அடுத்த மையை ஊற்றுங்கள்.