கொசுவ ஒழிக்க ஒரு கொசு ஃபேக்டரி

லட்சக்கணக்குல கொசு வளர்த்து வெளிய விடப் போறாங்கன்னு எங்கயாவது செய்தி வந்தா போதும், இருக்குற கொசு பத்தலையான்னு கமெண்ட்ல எல்லாரும் பொங்கிடுறாங்க. விடுறது மலடாக்குன ஆண் கொசு மட்டும்தாங்க. அது கடிக்காது, பூந்தேனு, செடிச்சாறுன்னு எதையாவது குடிச்சிட்டு கொஞ்ச நாள்ல செத்துப் போயிடும். ரத்தம் வேணும்னு அலையறது முட்டை வைக்கிற பொண்ணு கொசுதான், அது பெரும்பாலும் ஆயுசுக்கும் ஒரு தடவதான் ஆணோட சேரும், அந்த ஒரு தடவையும் மலட்டு ஆணா அமைஞ்சிட்டா வைக்கிற முட்டை ஒண்ணும் பொரியாது.

ஐடியா ரொம்பப் பழசு. கால்நடைங்க புண்ணுல முட்டை வைக்கிற ஸ்க்ரூவார்ம் ஈய அமெரிக்கப் பூச்சி விஞ்ஞானி எட்வர்ட் நிப்ளிங் டீம் 1954லயே கரீபியன் கடல்ல இருக்கற குராசாவ் தீவுல இப்படித்தான் ஒழிச்சாங்க. அப்புறம் கொசுவுக்கு மட்டும் ஏன் இவ்ளோ லேட்டு? என்னைக் கேட்டா எல்லாம் ஆண் வேற பொண்ணு வேறன்னு சலிச்சுப் பிரிக்கிற வேலையாலதான். ஈயில ஆண் பெண் ரெண்டுக்கும் சேர்த்தே கதிர் காட்டி மலடாக்கி விட்டுடலாம், கொசுல அப்படி விட்டா மலட்டுப் பொண்ணும் வந்து கடிக்குமே!

இப்ப வோல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா ஏத்தின ஆணையும் விடுறாங்க, அந்த பாக்டீரியா இல்லாத பொண்ணோட அது சேர்ந்தா முட்டை பொரியாது. இதுல பிரிக்கும்போது பொண்ணு தப்பிச்சு வெளிய போயிட்டா இன்னும் வம்பு. அதுக்கும் அதே பாக்டீரியா இருக்கறதால அதோட முட்டை நல்லாவே பொரியும், அந்த வம்சம் ஏரியா பூரா பரவிடுச்சுன்னா அப்புறம் நீங்க எத்தன கோடி ஆண் விட்டும் வேஸ்ட்.

பிரிக்கிறது எப்படின்னா, டெங்கு பரப்புற ஏடிஸ் எஜிப்டி கொசுல கூட்டுப்புழுவா இருக்கும்போது ஆண் சின்னது, பொண்ணு பெருசு, சல்லடை போட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஆனா டிரேல புழு நெருக்கமாகி தீனி பத்தாமப் போச்சுன்னா பொண்ணும் குட்டியாத்தான் வளரும், சல்லடை ஏமாந்துடும். அதனால ஒரு டிரேக்கு எத்தன புழு, எவ்ளோ தீனி, தண்ணி என்ன சூடுன்னு முதல்லயே மெஷின் எண்ணி அளந்து போடணும். ஆட்டோமேஷன்னா எல்லாரும் கேமராவப் பத்தியே பேசுறாங்க, எனக்கு இந்தத் தீனி போடுற மெஷின்தான் ஹீரோ. கேமரா கடைசில வருது, றெக்கை முளைச்ச கொசுவ ஒண்ணொண்ணா படம் புடிச்சு, மீசை புசுபுசுன்னு இருந்தா ஆண், உள்ள போ.

வெரிலி கம்பெனி 2018ல கலிஃபோர்னியாவுல ஃப்ரெஸ்னோ பக்கம் இப்படி 1 கோடியே 44 லட்சம் ஆண் கொசு விட்டுச்சு. கொசு சீசன் உச்சத்துல, விடாத ஏரியாவ விட பொண்ணு கொசு 95.5% கம்மியா இருந்துச்சாம், பொண்ணு தப்பிச்சு வர்ற சான்ஸ் 90 கோடிக்கு ஒண்ணுன்னு கணக்கு போட்டாங்க. கையால பிரிச்சா இது நடக்கற காரியமா? ஆனா குவாங்சோல ரெண்டு தீவுல ஏடிஸ்ல இன்னொரு வகையான ஆசியப் புலிக் கொசுவுக்கு சீனாக்காரங்க செஞ்சது எனக்கு இன்னும் பிடிச்சுது, வோல்பாக்கியாவோட சேர்த்து லேசா கதிரும் காட்டிட்டாங்க, தப்பித்தவறி பொண்ணு போனாலும் அது மலடு. மெஷின் கொஞ்சம் சொதப்பினாலும் குடி முழுகாது.

என் பயம் வேற. இது ஒரு தடவ பண்ணிட்டு கைய கழுவுற வேலை இல்ல. ஏடிஸ் முட்டை காஞ்சு போய் மாசக்கணக்குல கெடந்தாலும் தண்ணி பட்டா பொரிஞ்சுடும், பக்கத்து ஏரியால இருந்தும் கொசு வரும், அதனால வாரா வாரம் விட்டுக்கிட்டே இருக்கணும். அப்போ மெஷின் யார்கிட்ட இருக்குங்கறதுதான் கேள்வி. தனியார்கிட்ட மாசச் சந்தா கட்டி கொசு வாங்குற நிலைமைக்குப் போயிட்டா, காசு கட்டாத மாசம் கொசு திரும்பி வந்துடும். சிங்கப்பூர்ல 2016ல இருந்து அரசாங்க ஏஜென்சியே இறங்கி நடத்துது, அப்படித்தான் இருக்கணும்.

அப்புறம் இன்னொண்ணு, இது ஏடிஸ் கதை மட்டும்தான். ராத்திரி காதுகிட்ட வந்து பாட்டுப் பாடுற க்யூலெக்ஸ் வேற ஜாதி, அதுக்கு இந்த மாப்பிள்ளைங்களால ஒரு பாதிப்பும் இல்ல. நாளைக்கே இத ஆரம்பிச்சாலும் கொசுவலைய மடிச்சு வச்சிடாதீங்க.