காட்டில் யார் யாரை நம்பி இருந்தார்கள்?

கனடா வரலாற்றில் 'கூரேர் தெ புவா' என்று ஒரு கூட்டம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அரசு உரிமம் இல்லாமல் காட்டுக்குள் போய், பூர்வகுடிகளிடம் பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல் வாங்கி வந்த பிரெஞ்சு வணிகர்கள். யாருக்கும் அடங்காத சுதந்திரப் புருஷர்கள் என்று இவர்களைக் கொண்டாடுவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. பிரெஞ்சு அரசனுக்கு அவர்கள் அடங்கவில்லை, சரி. ஆனால் காட்டில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் பூர்வகுடிகளின் தயவில்தான் இருந்தார்கள்.

ஐரோப்பாவில் தொப்பி செய்பவர்கள் அதிகம் விரும்பியது புதுத் தோலை அல்ல, உடுத்திப் பழகிய தோலை. பூர்வகுடிகள் பல தோல்களைச் சேர்த்துத் தைத்து, ரோமப் பக்கம் உடம்பில் படும்படி போர்த்திக்கொள்வார்கள். ஓரிரு குளிர்காலம் போனால் மேலே இருக்கும் முரட்டு ரோமம் உதிர்ந்துவிடும். உடம்பின் எண்ணெயும் வியர்வையும் ஊறி அடிமயிர் மட்டும் பட்டுப்போல நிற்கும். அதற்குத்தான் நல்ல விலை. தோலைச் சுரண்டிப் பதப்படுத்தித் தைத்தவர்கள் பெண்கள். பனியில் நடக்கும் காலணிக்கு வலை பின்னியதும், மரப்பட்டைத் தோணியின் தையலில் பிசின் பூசி அடைத்ததும் அவர்கள்தான். இதில் வணிகருக்கு என்ன பெரிய வீரம் இருக்கிறது?

அங்கே வியாபாரம் என்பது உறவுக்குப் பிறகுதான். முதலில் பரிசு, விருந்து, புகைக்குழாய். உறவில்லாதவனோடு என்ன பேரம்? அதனால்தான் பல வணிகர்கள் அந்த மக்களின் வழக்கப்படியே பெண் எடுத்தார்கள். மாமனார், மச்சான் என்று ஆள் கிடைத்தால் தோலும் கிடைக்கும், பாதுகாப்பும் கிடைக்கும். மொழி சொல்லிக்கொடுத்து, இடையில் நின்று பேசியதும் பெரும்பாலும் அந்த மனைவிதான். உறவை மதிக்காதவனுக்கு அங்கே இடம் இல்லை. இளவயதில் வென்டாட் என்ற பூர்வகுடி மக்களிடம் போய், அவர்களில் ஒருவராகவே வாழ்ந்த எத்தியேன் ப்ரூலே, 1633 வாக்கில் அவர்கள் கையாலேயே செத்தார்.

இந்த வணிகர்களில் ஒருவரான ராடிசன் கதையைப் பாருங்கள். இளம்வயதில் மோகாக் என்ற பூர்வகுடி மக்களிடம் பிடிபட்டார். ஒரு குடும்பம் அவரைத் தத்தெடுத்தது. தப்பி ஓடும்போது அவரும் கூட்டாளியும் மோகாக் ஆட்களைக் கொன்றார்கள். மறுபடி பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானபோது, அந்தக் குடும்பமே பரிசுகள் கொடுத்து மீட்டது. பிறகு மைத்துனர் க்ரோசெய்யேயோடு மேற்கே போய், 1660இல் தோணி தோணியாகத் தோலோடு திரும்பினார். உரிமம் இல்லை என்று பிரெஞ்சு ஆளுநர் தண்டித்தார். கோபத்தில் இருவரும் ஆங்கிலேயர் பக்கம் போக, 1670இல் ஹட்சன் பே கம்பெனி என்ற ஆங்கிலேயத் தோல் வணிக நிறுவனம் பிறந்தது. சென்னை வரைக்கும் ராடிசன் பெயரில் ஹோட்டல் இருக்கிறது. அவரை மீட்ட வளர்ப்புத் தாயை எத்தனை பேருக்குத் தெரியும்?

அரசும் சும்மா இருக்கவில்லை. 1681இல் ஆண்டுக்கு 25 உரிமம் என்று வரம்பு கட்டியது. தோல் விற்காமல் தேங்கிப்போனதும் 1696இல் அதையும் நிறுத்தியது. யாரும் கேட்கவில்லை, காட்டுக்குப் போனவர்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

இதையெல்லாம் அன்பான கலப்பு என்று மட்டும் சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். வணிகர்கள் கொண்டுபோன பிராந்தி ஊர்களைக் குலைத்தது. அதை விற்றால் திருச்சபையை விட்டு விலக்குவேன் என்று 1660இல் லவால் ஆயரே அறிவிக்க வேண்டி வந்தது. மேற்கில் போரில் பிடிபட்ட பூர்வகுடிகளை வாங்கி மொன்றியலில் விற்றார்கள். 1709இல் அந்த அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரமே கிடைத்தது. காட்டில் ஒரு குடும்பம், மொன்றியலில் ஒரு குடும்பம் என்று வைத்திருந்தவர்களும் உண்டு.

அந்தத் திருமணங்களிலிருந்தும், பின்னாளில் வந்த தோல் வணிகர்களின் திருமணங்களிலிருந்தும்தான் மெட்டிஸ் மக்கள் உருவானார்கள். தங்கள் நிலத்துக்காக எழுந்தபோது, அவர்களின் தலைவர் லூயி ரியேலை 1885இல் கனடா தூக்கில் போட்டது. அரசியல் சட்டத்தில் அவர்களைப் பூர்வகுடிகளாக ஏற்க 1982 வரை ஆனது.