ஃப்ரிட்ஜில் ஒட்டிய வசனம்

(2025. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தமிழ் வீடு.)

அண்ணி: 28-ஆம் அதிகாரம், 79-ஆம் வசனம். பைபிளில் எந்தப் புத்தகம் என்று மட்டும் சொல்.

நாத்தனார்: அப்படி ஒரு வசனமே கிடையாது, அண்ணி.

அண்ணி: நானும் தேடிவிட்டேன். ஆதியாகமம் 28-இல் 22 வசனம். சங்கீதம் 28-இல் ஒன்பதே ஒன்பது. உபாகமத்தை மலைபோல் நம்பினேன், அதுவும் 68-இல் நின்றுவிட்டது.

நாத்தனார்: யார் கொடுத்த வசனம்?

அண்ணி: வீட்டு வேலைக்கு வருகிறாளே, அந்த அம்மா. நேற்றுப் போகும்போது துண்டுச் சீட்டில் '28.79' என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். ஞாயிறானால் வெள்ளை அங்கி போட்டுச் சபைக்குப் போகிறவள், தரிசனம் கண்டிருப்பாள். ஸூலு பைபிளில் மட்டும் 11 வசனம் கூடுதலாக இருக்குமோ?

நாத்தனார்: அவளுக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

அண்ணி: நான் வேதம் கேட்டால் நீ வரவுசெலவு கேட்கிறாய். 150 ராண்ட். கூடவே அன்பு.

நாத்தனார்: எத்தனை மணி நேரம்?

அண்ணி: அன்பா?

நாத்தனார்: வேலை.

அண்ணி: காலை ஏழிலிருந்து நாலு வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. வேற்றுமையே பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி.

நாத்தனார்: உங்கள் பிள்ளைகளின் குவளைகளும் ப்ளீச் புட்டிக்குப் பக்கத்தில்தான் கவிழ்ந்திருக்குமா? நீல விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுத்துப்போய்?

அண்ணி: அது அவளுக்குப் பிடித்த குவளை.

(சாட்ஸ்வொர்த்தில் அந்தக் குவளை ஒரு வீட்டில் மட்டும் இல்லை. எத்தனை வீடு என்று நான் எண்ணத் தொடங்கினால் கிறிஸ்துமஸ் விருந்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள்.)

நாத்தனார்: தையல் தொழிற்சாலையில் மணிக்கணக்கில் கூலி வாங்கியவள் நான். அது வசனம் இல்லை, அண்ணி. 2025 மார்ச் 1 முதல் இந்த நாட்டில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி 28 ராண்ட் 79 சென்ட். வீட்டு வேலைக்கும் அதேதான்.

அண்ணி: அப்படியானால் தீர்க்கதரிசனம் இல்லையா?

நாத்தனார்: எட்டு மணி நேரத்துக்கு 230 ராண்ட் 32 சென்ட். நீங்கள் கொடுப்பது 150.

அண்ணி: பழைய சேலை கொடுக்கிறேன். மிஞ்சின பிரியாணி கொடுக்கிறேன். வேலைக்கு நடுவே ஜெபம் வேறு செய்கிறேன்.

நாத்தனார்: ஜெபிக்கும் நேரத்துக்கும் மணிக்கு 28.79.

அண்ணி: வருமானத்தில் பத்தில் ஒன்று, சபைக்குத் தசமபாகம். அதில் ஒரு சென்ட் பிசகினதில்லை, தெரியுமா?

நாத்தனார்: சீரகத்துக்குக்கூடத் தசமபாகம் எண்ணிக் கொடுத்தவர்களைத்தான் இயேசு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார், மத்தேயு 23:23. அந்த வசனம் இருக்கிறது, தேடவே வேண்டாம். லேவியராகமம் 19:13-உம் இருக்கிறது. கூலிக்காரனின் கூலி விடியும்வரைகூட உங்களிடம் இருக்கக்கூடாதாம்.

அண்ணி: 28-ஆம் அதிகாரத்தில் எதுவும் இல்லையா?

நாத்தனார்: 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக இங்கே வந்து இறங்கினார்களே நம்மவர்கள், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங். துரையும் அரிசி போட்டார், அண்ணி. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார். மழையில் டாக்ஸி கிடைக்காமல் அந்த அம்மா நின்ற அன்றைக்கு நீங்கள் ஒரு நாள் கூலியைத்தான் பிடித்தீர்கள். அந்த மட்டும் நீங்கள் மேல்.

அண்ணி: துரை வெள்ளைக்காரர். நான் அன்போடு அல்லவா குறைத்துக் கொடுக்கிறேன்!

(கொஞ்ச நேரம் அங்கே ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பேசியது.)

அண்ணி: இப்போது ஜெபக்குழுவில் என்ன சொல்வேன்? 28:79 வெளிப்பட வேண்டும் என்று எல்லோரும் காலையிலிருந்து உபவாசம். மூன்று பேர் தங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் அதே வசனம் வந்திருக்கிறது என்று சாட்சி வேறு சொன்னார்கள். எழுப்புதல் வந்துவிட்டது என்று கைதட்டினோம்!

நாத்தனார்: வந்துவிட்டதுதான்.

அண்ணி: சரி, சரி. இன்றைக்கு வருவாள். பாக்கி எவ்வளவு என்றாய்?

நாத்தனார்: நேற்றைக்கு மட்டும் 80 ராண்ட் 32 சென்ட்.

அண்ணி: 32 சென்ட்டுக்குச் சில்லறை இல்லையே.

நாத்தனார்: ஐம்பது சென்ட்டாகக் கொடுங்கள். 32 நீதி, மீதி 18 இரக்கம்.

அண்ணி: அந்த 18-ஐத் தசமபாகத்தில் கழித்துக்கொள்ளலாமா?