குழித்துறை ஆற்றில் பாலத்தின் காலடியையும் கொஞ்சம் பாருங்க

நம்ம குமரி மாவட்டத்தில் பாலம் என்று வாயெடுத்தாலே பேச்சு மார்த்தாண்டம் மேம்பாலத்தில் போய்த்தான் நிற்கும். பம்மம் முதல் வெட்டுமணி வரை சுமார் 2.5 கி.மீ., இரும்பு கர்டர் (உத்தரம்) மேல் கான்கிரீட் தளம். 2024 மே மாதம் அந்தத் தளத்தில் ஓட்டை விழுந்ததும் ஊரே எட்டிப் பார்த்தது. மேலே விழுகிற ஓட்டை கண்ணில் படும். ஆற்றுக்குள் தூணடியில் விழுகிற குழியை யார் பார்க்கிறார்கள்?

கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து வருகிறதுதான் குழித்துறை ஆறு. மேலே இரண்டு அணை: பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இரண்டிலும் ஒரே நேரத்தில் மறுகால் (உபரி நீர்) திறந்து, மலையிலும் மழை கொட்டினால் குழித்துறையில் கலங்கல் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். தூணில் மோதுகிற தண்ணீர் கீழ்நோக்கித் திரும்பி அடிமண்ணைத் தோண்டும். வெள்ளம் வடியும்போது புது மணல் அதே குழியில் வந்து விழுந்து மூடிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் தரை மட்டமாகத்தான் தெரியும்; அந்தப் புது மணலுக்கோ பிடிமானமே கிடையாது. அதனால் அளவெடுப்பது வெள்ளத்தின்போதே நடக்க வேண்டும். பாலத்தின் மேலிருந்து எடை கட்டிய கயிறோ, ஒலியை அனுப்பி ஆழம் அளக்கிற எக்கோ சவுண்டரோ இறக்கி, ஒவ்வொரு தூணுக்கும் மேற்புறம், கீழ்ப்புறம், இரண்டு பக்கவாட்டு என்று நாலு இடத்தில் ஆழம் பார்த்து, போன வருட அளவோடு ஒத்துப் பார்க்கணும். மணல் வாரிய ஆறாக இருந்தால் மொத்தப் படுகையே இறங்கியிருக்கும், அதற்கும் கீழேதான் இந்தக் குழி.

ரயில் பக்கம் இன்னொரு கவலை. 1979-ல் ஓடத் தொடங்கிய ஒற்றைப் பாதைக்குத் துணையாக நாகர்கோவில் வழி கன்னியாகுமரி - திருவனந்தபுரம் இரட்டைப் பாதைத் திட்டம், சுமார் 87 கி.மீ. இப்படிப் பழைய பாலத்தை ஒட்டிப் புதுசு கட்டுகிற எந்த ஆற்றிலும் புதுத் தூண் பழைய தூணுக்கு நேர்வரிசையில் வரணும். விலகி நின்றால் நீரோட்டம் வளைந்து பழைய தூணின் விலாவில் அடிக்கும். வேலைக்காக ஆற்றுக்குள் போடுகிற மண் பாதையை ஜூன் மழைக்கு முன்னால் முழுசாக அள்ளிவிடணும். ஒப்பந்தக்காரர்கள் பாதியை விட்டுவிட்டுப் போவார்கள். அப்போது மிச்சமிருக்கிற பாலக் கண்களில் (தூண்களுக்கு இடையிலுள்ள திறப்புகளில்) தண்ணீர் நெருக்கி, வேகம் கூடி, தோண்டலும் கூடும்.

சப்பாத்துப் பாலம், அதாவது ஆற்றின் குறுக்கே குழாய் பதித்துப் போட்ட தாழ்வான தரைப்பாலம், தனிக் கதை. வாழைத்தண்டும் ரப்பர் கொம்பும் தென்னை மட்டையும் வந்து குழாய்க் கண்களை அடைத்தால், ஆறு பெரிதாக ஏறாமலே சப்பாத்துக்கு மேல் தண்ணீர் புரளும். துப்புரவை அக்டோபருக்கு முன்னால் ஒரு தடவை, ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு தடவை செய்தால் போதும். செலவு ஒரு ஜேசிபியின் ஒரு நாள் வாடகை. வேகமாக ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், ஒரு அடி இருந்தால் சின்ன காரையே நகர்த்தும். "தினமும் போற வழிதானே" என்று பைக்கை இறக்குகிற அண்ணன்மாரே, மறுகால் திறப்பு அறிவிப்பு வந்த அன்றைக்கு மெயின் ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றிப் போங்க.