நியூயார்க் நகரில் ஐந்து பேரை வரிசைப்படுத்தாவிட்டால் வாக்கு செல்லாதா?

நியூயார்க் நகரின் எல்லாத் தேர்தல்களிலும் ஐந்து வேட்பாளர்களை வரிசைப்படுத்தியே ஆகவேண்டும், இல்லையெனில் வாக்கு செல்லாது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவுகிறது. இது தவறு.

2019 நவம்பரில் நகர வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த நகர சாசனத் (நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டம்) திருத்தத்தின்படி, மேயர், நகர மன்ற உறுப்பினர் உள்ளிட்ட நகரப் பதவிகளுக்கான முதன்மைத் தேர்தல்களிலும் (கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவை) சிறப்புத் தேர்தல்களிலும் (இடையில் காலியான பதவியை நிரப்புபவை) மட்டுமே விருப்ப வரிசை முறை, அதாவது வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை உண்டு. நவம்பர் பொதுத் தேர்தலில் மேயர் பதவிக்கு வழக்கம்போல ஒருவரை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து என்பது உச்ச வரம்பே அன்றிக் கட்டாயமன்று. ஒருவரை மட்டும் குறித்தாலும் அவ்வாக்கு முழுமையாகச் செல்லும். ஒரே வேட்பாளரை ஐந்து இடங்களிலும் குறிப்பதால் அவருக்குக் கூடுதல் பலன் ஏதும் இல்லை. உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு: ஒரே வரிசை எண்ணை இருவருக்கு அளித்தால், அந்த எண்ணுக்குரிய விருப்பமும் அதற்குப் பிந்தைய விருப்பங்களும் கணக்கில் வாரா.

நகர சாசனத்தின் 1057-ஜி பிரிவிலும் நகரத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்திலும் இதைச் சரிபார்க்கலாம். வாக்களிக்க வருவோரைத் தயங்கவைக்கும் அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.