வயித்து வலி என்று சொல்லிவிட்டார்கள்

போன மாதம் சோமனூர்ப் பக்கம் ஓர் எழவு வீட்டுக்குப் போயிருந்தேன். முப்பத்தி நாலு வயசுப் பையன். பந்தலில் சேர் போட்டு உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த பெரியவர் நான் கேட்காமலே சொன்னார்: "ரொம்ப நாளா வயித்து வலிங்க. தாங்க முடியல." நான் தலையாட்டினேன். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து எங்கள் பக்கம் தற்கொலைக்கு இன்னொரு பேர் வயித்து வலிதான். ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதும் அதுதான். மறுநாள் பேப்பரில் 'தீராத வயிற்று வலி' என்று வருவதும் அதுதான்.

அந்த வீட்டாரை நான் குறை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு நிற்கும், ஊர் நாலு விதமாகப் பேசும், போலீஸ் தொந்தரவு என்ற பயம் இருக்கும். பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களிடம் போய் உண்மையைச் சொல் என்று யார் கேட்பது? என் கவலை வேறு. அதே பந்தலில், அதே நினைப்போடு இன்னொருவன் உட்கார்ந்திருப்பான். இதை வெளியே சொல்லவே கூடாது என்றுதான் அவன் அங்கிருந்து கற்றுக்கொண்டு போவான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி அந்த ஓர் ஆண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையில் இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நமக்கு. காரணங்களில் குடும்பப் பிரச்சினை முதலில், நோய் அதற்கு அடுத்து. அந்த 'நோய்' என்ற கட்டத்துக்குள் எத்தனை வயித்து வலி இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இதை நான் எழுத ஒரு காரணம் உண்டு. என் சித்தி மகன் பல்லடம் பக்கம் ஆறு தறி வைத்திருக்கிறான். பாவு நூல் வாங்கிக் கூலிக்கு ஓட்டுகிற தறி. இரண்டு வருசம் முன்பு ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். எப்போதோ கைமாற்றாக வாங்கிய 2,000 ரூபாயை டேபிள் மேல் வைத்தான். நான் மறந்தே போயிருந்த பணம். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "பசங்களைப் பாத்துக்கங்ணா" என்றான். வண்டி தெரு முனையைத் திரும்பிய பிறகுதான் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது.

பின்னாலேயே போனேன். தறிக்குடோனில் இருந்தான். சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது. தறியை நிறுத்தச் சொன்னேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. கடைசியில் அப்படியே கேட்டுவிட்டேன்: "கண்ணு, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "மூணு மாசமா அதே நெனப்புத்தானுங்ணா" என்று சொல்லி அழுதான். ஓர் ஆள் அவ்வளவு நேரம் அழுது நான் பார்த்ததில்லை.

பின்னாளில் மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஏற்கெனவே அதைச் சுமந்துகொண்டிருக்கிறவருக்கு, கேட்க ஓர் ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். 'ச்சே, நீயெல்லாம் ஆம்பளையா', 'பொண்டாட்டி பிள்ளைகளை நெனச்சுப் பாத்தியா' என்று ஆரம்பித்தால் மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள். அவனுக்குக் கடன் இருந்தது, கூலி கட்டுப்படியாகவில்லை, அதெல்லாம் சரி. ஆனால் மாதக்கணக்கில் தூக்கம் இல்லாமல், சோறு இறங்காமல் இருந்தது மன அழுத்த நோய். அதற்கு மருந்து உண்டு, பேச்சு சிகிச்சை உண்டு. மறுநாள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டே நின்றான்.

இன்னொரு வேலையும் அன்றைக்கே செய்தேன். அவன் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக் குடிசையில், இருந்த பூச்சி மருந்தையெல்லாம் ஓர் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். சாகத் துணிந்தவன் எப்படியும் சாவான், பூட்டி என்ன ஆகப்போகிறது என்று சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டார். அது தப்பு. அந்த வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரத்தில், சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் உயிர் தப்பும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடை செய்தார்கள். இருபது வருசத்தில் அங்கே தற்கொலை விகிதம் 70 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. விளைச்சல் ஒன்றும் படுத்துவிடவில்லை. நம் தோட்டங்களில் சாளைக் கட்டிலுக்கு அடியிலேயே மருந்து டப்பா கிடக்கிறது. இன்றைக்கே எடுத்துப் பூட்டுங்கள்.

கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாத வீடுகள் உண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவருக்குத் தண்டனை தந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. அதனால் தயங்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இதைப் படிக்கிற உங்களுக்கே அந்த நினைப்பு இருந்தால், 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று பேர், அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. போனில் பேச மனசு வராவிட்டால் பக்கத்தில் இருக்கிற ஒருத்தரிடம், வயித்து வலி என்று சொல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தம்பி இப்போதும் தறி ஓட்டுகிறான். கடன் முழுசாகத் தீரவில்லை. மாத்திரையை மருத்துவர் பாதியாகக் குறைத்திருக்கிறார். சாளை அறைச் சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. போன வாரம் கத்தரிக்கு மருந்து அடிக்க வேண்டும் என்று வந்து கேட்டான். நானும் கூடப் போனேன். அடித்து முடித்ததும் அவனே அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தான்.